இல்லாத பிரேக்

சிவப்பு விளக்கு விழுந்ததும் பிரேக் அக்காவின் கேள்வி வந்துவிடும். "உங்க சொந்தத்துல டாக்டர் யாராச்சும் இருக்காங்களா?" உயிரைக் கையில் பிடித்ததுபோல் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் புது மாணவருக்கு அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் முகமே மறந்துபோயிருக்கும். "தெரியலையே மேடம்" என்பார். அக்கா விடமாட்டார். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. பச்சை விழ நேரம் இருக்கு."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அக்காவின் பிழைப்பு. மகளுக்கு உதவி தேடுவது அவருடைய உண்மையான உத்தியோகம். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மகளுக்குக் கால்களும் வலது கையும் விறைத்துவிட்டன. கேட்ட கேள்விக்குப் பதில் அவளிடம் இருக்கும்; அது வாய்வரை வந்துசேர நேரமாகும். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று அக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தட்டிய கதவுக்காரர்களெல்லாம் பக்கத்துக் கதவைக் கைகாட்டினார்கள்.

"அதான் ஓடுற கார்லயே ஆபீஸ் போட்டுட்டேன். 'மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க'ன்னு இங்க எவரும் எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க. சீட் பெல்ட் போட்டிருக்காங்கல்ல."

அந்த ஆபீஸில் வேலை நடக்கத்தான் செய்தது. வளைவு வந்தாலே வியர்த்துக் கொட்டும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் சிறப்புக் காலணி செய்பவரின் முகவரியைக் கொடுத்தார். உதவித்தொகை அலுவலகத்தில் எந்த ஜன்னலில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வார் என்பதை, கிளட்சை விடத் தெரியாத ஒரு புதுமாப்பிள்ளை சொன்னான். "யாருக்கு யாரைத் தெரியும்னு கேளுங்க, சொல்றேன். என்கிட்ட படிச்சவங்கள்ல யாருக்கு வண்டி ஓட்டத் தெரியும்னு மட்டும் கேட்டுறாதீங்க" என்பார் அக்கா.

பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்ததில், அக்காவின் வலது காலுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்துவிட்டது. டீவியில் யாராவது தடுக்கி விழப்போனால் கால் தரையை மிதிக்கும். பக்கத்து வீட்டுக்காரி பேச்சுவாக்கில் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாலும் மிதிக்கும். கணவர் எதையும் ஆற அமரச் செய்கிறவர். சாப்பாட்டு மேசையில் அவர் குழம்புக் கரண்டியை எடுக்கும்போதுகூட அடியிலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வரும். "நான் நின்னுட்டுதானேம்மா இருக்கேன், எனக்கு எதுக்கு பிரேக்?" என்பார் பாவம்.

மகளை அக்கா கூப்பிடுவது 'முதலாளி' என்று. "இருந்த இடத்துலயே உக்காந்து ரெண்டு பேரை வேலை வாங்குறாளே, பின்ன என்னன்னு சொல்றது?" முதலாளிக்கு ஏழு வயது. இந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் சிரிப்பு தாமதமில்லாமல் வந்துவிடும்.

ஒரு நாள் ஒரு பெண் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். முன்னால் அழகாகப் போவாள்; பின்னால் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். அக்கா அவளுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர் வைத்தார். சிவப்பு விளக்கில் வழக்கமான கேள்வியைக் கேட்டதும் அவள் சொன்னாள்: "டாக்டர் யாரும் இல்லக்கா. நான்தான் பிசியோதெரபிஸ்ட்." அதோடு தான் வேலை செய்யும் மையத்தின் பெயரையும் சொன்னாள். உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பாடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடம். அக்கா எத்தனையோ முறை விசாரித்து, இடமில்லை என்று திரும்பி வந்த வாசல் அது. பச்சை விழுந்ததை அக்கா கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் திட்டிய பிறகுதான் நினைவு வந்தது. "மாணவி தப்பு எதுவும் இல்லாம நான் ஹார்ன் வாங்குனது அன்னைக்கு ஒருநாள்தான்."

மையத்தில் ஒரே ஒரு இடம் காலியானது. சேர்ப்பதற்கு முன் பிள்ளையால் தானாக என்னென்ன முடிகிறது என்று பார்ப்பார்கள். பார்க்கிறவள் ரிவர்ஸ். 'உன் வயசு என்ன?' என்று கேட்டாள். அக்கா ஏழு என்றார். 'என்ன கலர் பிடிக்கும்?' அக்கா நீலம் என்றார். கட்டைகளை அடுக்கச் சொன்னால் அக்காவின் கை முந்திக்கொண்டது. நடக்கச் சொன்னதும் மகளின் இடுப்பை அக்கா பிடித்த பிடியில், நடந்தது யார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

ரிவர்ஸ் பேனாவை மூடினாள். "நீங்க எல்லாத்துலயும் பாஸ்க்கா. உங்களைச் சேத்துக்கலாம். முதலாளியைத்தான் நான் இன்னும் பாக்கவே இல்ல."

"இவ விழுந்துட்டான்னா?"

"கார்ல நான் தப்பா போனாத்தானே பிரேக் போடுவீங்க? இவ இன்னும் வண்டியவே எடுக்கலையேக்கா. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது, இன்னொரு பிள்ளையும் காத்திட்டிருக்கு."

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பரீட்சையில் தோற்ற கதையை அக்கா அந்த வாரம் முழுக்கத் தன் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பெரியவரைத் தவறான தெருவுக்குள் திருப்பவும் வைத்தார்.

மறுபடி போனபோது, வாயைக் கட்ட ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் அக்கா உள்ளே நுழைந்தார். முதல் கேள்வியிலேயே அதைக் கடித்து விழுங்கிவிட்டார்.

"என்ன கலர் பிடிக்கும்?"

மகளின் உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. அக்கா தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"ம... மஞ்ச."

மகள் போட்டிருந்த கவுன் நீலம். தோள்பை நீலம். பிடித்து நிற்கும் வாக்கருக்கு அக்காவே தன் கையால் அடித்த வர்ணமும் நீலம். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?" என்று அக்கா முனகினார். "இப்பதானேக்கா கேட்டிருக்கோம்" என்றாள் ரிவர்ஸ்.

கடைசியாக நடை. சுவரோரம் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ரிவர்ஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மகள் வாக்கரை நகர்த்தினாள். ஒரு காலை இழுத்து வைத்தாள். மறு காலை இழுத்து வைத்தாள். தரையில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் வாக்கர் தட்டி ஒரு பக்கம் சாய்ந்தது.

தொம்.

சத்தம் கேட்டதும் மகள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் வெறும் தரை என்று அக்கா நினைத்து மிதித்த பிரேக், யாரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சாய்ந்த வாக்கரை மகள் தானே நிமிர்த்திக்கொண்டு, தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா... கா... காலு."

அக்கா செருப்புகளைக் கழற்றி விட்டார். இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் மடக்கிச் சம்மணமிட்டு, வலது பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.