செங்கம்மாளின் கொசுறுக் கத்திரிக்காய்

மீன் விற்கப் போகிறவளின் அன்னக்கூடை திரும்பி வரும்போது காலியாக இருந்தால்தான் அவள் கெட்டிக்காரி. செங்கம்மாளின் கூடை மட்டும் போனதைவிடக் கனமாகத் திரும்பி வரும். போகும்போது சங்கரா மீனும் காரப்பொடி மீனும். வரும்போது ஏரி மண். பஸ் கண்டக்டருக்கு அவள் மேல் ஒரு நாளைக்கு இரண்டு கோபம். காலையில் நாற்றத்துக்கு, மத்தியானம் பாரத்துக்கு.

"இன்னாமே, மீன் விக்கப் போறியா, ஏரிய வெட்டியாறப் போறியா?"

"போறப்ப கடலுக்கு டிக்கெட்டு கிழிச்ச இல்ல. வர்றப்ப ஏரிக்கும் சேத்துக் கிழி."

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் அவளுடைய குப்பம். அந்த மணலில் அடம்பங்கொடியும் சண்டையும் தவிர எதுவும் தானாக முளைத்ததில்லை. தொண்ணூற்று நான்காம் வருஷம் மகள் சங்கவிக்குக் காய்ச்சல் என்று செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனாள். திரும்பும் வழியில் மார்க்கெட்டில் ஒரு கடைக்காரன் முற்றிப் பழுத்த கத்திரிக்காய்களைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தான். வெளிர்பச்சை, உருண்டை, மேலே வெள்ளைக் கோடு. செங்கம்மாள் ஒன்றைப் பொறுக்கி மடியில் கட்டினாள். விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்து, துணியில் முடிந்து வைத்தாள்.

தொட்டிக்கெல்லாம் அவள் கடைக்குப் போகவில்லை. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டி மூலை உடைந்தால் கரையில் வீசிவிடுவார்கள். அதைத் தூக்கி வந்தாள். அடி வெடித்த பிளாஸ்டிக் குடம், பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின் எல்லாம் வீட்டுக்கு வந்தன. கம்பியைக் காய்ச்சி அடியில் நாலு ஓட்டை. ஓட்டை மேல் தேங்காய் மட்டை. அதன் மேல் பாதி ஏரி மண், கால் பங்கு மணல், கால் பங்கு ஆட்டுப் புழுக்கை. கடல் காற்று இலையைக் கருக்காமல் இருக்கச் சுவரோரமாக வைத்துக் கிழிந்த வலையைக் கட்டினாள். வாரத்துக்கு இரண்டு தடவை பச்சை மீன் கழுவின தண்ணீரை ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து ஊற்றினாள். குப்பத்துப் பூனைகள் மொத்தமும் அவள் வீட்டு வாசலில் வந்து தவம் கிடந்தன. பெட்டிக்குள் மீன் இல்லை, மண்தான் இருக்கிறது என்று அவற்றுக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

காய்த்தது. அதுவும் எப்படிப்பட்ட காய். மீன் குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் கரையாது, கையிலெடுத்தால் முழுசாக வரும்.

அணுபுரத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வாடிக்கை வீடுகள். எல்லாம் தஞ்சாவூர், திண்டுக்கல் என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்த ஆபீஸ் குடும்பங்கள். மீன்காரிகள் ஐந்தாறு பேர் அந்தத் தெருக்களில் கூவிக்கொண்டு போவார்கள். செங்கம்மாளிடம் மீன் வாங்கினால் நாலு கத்திரிக்காய், ரெண்டு தக்காளி, ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறு. மீனை எடுத்துப்போனால் குழம்புக்கு வேறெதுவும் தேட வேண்டாம். மாடி வீட்டு வசுமதி அம்மாள் கதவைத் திறக்கும்போதே கேட்பாள்.

"கத்திரிக்கா இருக்கா செங்கம்மா? இருந்தா மீன் எடுக்கிறேன்."

"அப்ப மீன கொசுறா எடுத்துக்கம்மா. கத்திரிக்காக்கு வெல குடு."

அந்தப் பன்னிரண்டு வீடுகள்தான் அவளுக்கு எல்லாம். புருஷன் சிங்காரம் கட்டுமரத்தில் போய்வருகிற மனுஷன். கடல் பத்து நாள் கொடுக்கும், இருபது நாள் கையை விரிக்கும். பன்னிரண்டு கதவும் திறந்திருக்கிற வரைக்கும் வீட்டில் உலை கொதிக்கும்.

பக்கத்து வீட்டு ரத்னாவை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனவளும் செங்கம்மாள்தான். ரத்னாவின் புருஷன் சரவணகுமார் போட் வேலைக்கென்று கேரளா போனவன், போனவனாகவே இருந்துவிட்டான். இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் உட்கார்ந்து அழுதபோது, "அழுவறதுக்கு உப்பு தண்ணி எதுக்குடி, எதுத்தாப்புல கடலே கீது. கூடைய எட்து," என்று தலையில் சும்மாடு வைத்துவிட்டாள். தன் வீடுகளுக்குப் பின் தெருவைக் காட்டினாள். பெட்டி கொடுத்தாள், மண் கலக்கச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாயிரத்தோராம் வருஷம் பொங்கலுக்குப் பிறகு தன்னிடம் இருந்த கடைசி விதை முடிச்சையும் அவளிடமே கொடுத்தாள். தனக்கென்ன, செடியில் சிவப்புத் துணி கட்டி முற்றவிட்ட விதைக்காய் இருக்கிறதே என்ற நினைப்பு. துணி கட்டிய காயை அந்தக் குப்பத்தில் திருடன்கூடத் தொடமாட்டான்.

அந்தப் பங்குனியில் சங்கவிக்குத் தலைப்பிரசவம். செங்கம்மாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மகளோடு தங்கினாள். திரும்பி வந்து பார்த்தால் பெட்டி பெட்டியாகக் கருகிக் கிடக்கிறது. விதைக்காய் சூம்பி, சிவப்புத் துணி மட்டும் புதுசாகத் தொங்குகிறது.

"யோவ், இன்னாத்த ஊத்தின?"

"நீ ஊத்தறதுதான்மே. மீன் தண்ணி. ஒரு நாள்கூட தவறல," என்றான் சிங்காரம், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

"எந்த மீன் தண்ணி?"

"கருவாட்டுத் தொட்டி தண்ணிதான். வீணா மணல்ல போவுதேன்னு."

உப்பில் ஊறின தண்ணீர். ஒன்பது நாள். குடம் குடமாகச் சுமந்து ஊற்றியிருக்கிறான். செங்கம்மாள் அவனை மூன்று நாள் திட்டினாள். அதற்கு மேல் திட்ட வரவில்லை. பெண்டாட்டி செடிக்குத் தண்ணீர் சுமக்கிற புருஷன் அந்தக் குப்பத்தில் வேறு எவன் இருக்கிறான்?

பெட்டிகளைக் கழுவிப் புது மண் போட்டுவிட்டு ரத்னா வீட்டுக்குப் போனாள். ரத்னாவின் செடிகள் அப்போதுதான் காய்ப்புக்கு வந்திருந்தன. முதல் காய்கள் நாலைந்தை விதைக்கென்று துணி கட்டிவிட்டிருந்தாள். செங்கம்மாள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"விதை கொஞ்சம் குட்றீ. என்னுது எல்லாம் பூட்ச்சி."

"அதுக்கின்னா யக்கா. உன் விதை, உனுக்கு இல்லாததா? காய் பழுக்கட்டும், நானே எட்தாறேன்."

சொன்னபடி கொண்டுவந்தாள். சாம்பலில் புரட்டின விதை, துணியில் முடிச்சு. கூடவே ஒரு கிண்ணம் கத்திரிக்காய்க் குழம்பும். செங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

கத்திரி விதை எட்டு நாளில் முளை காட்டும். எட்டாம் நாள் மண் மண்ணாகவே இருந்தது. பத்தாம் நாளும் அப்படியே. பதினைந்தாம் நாள் விடிந்ததும் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, ஊசி போடுகிற நர்சைப் பார்க்கிற குழந்தை மாதிரி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சாஸ்தி ஊத்திட்டியோ யக்கா?" என்றாள் ரத்னா. இன்னொரு நாள், "மாமா ஊத்தின உப்பு பெட்டியில இன்னும் கீதோ?" என்றாள்.

அன்றைக்குச் சிங்காரத்துக்கு இரண்டாம் தடவை திட்டு விழுந்தது. அவன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

இதற்குள் அணுபுரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. எட்டு வருஷமாக "நம்ம செங்கம்மா" என்று சொன்ன வசுமதி அம்மாள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலேயே பேசினாள்.

"ரத்னாகிட்ட வாங்கிட்டேனே செங்கம்மா. நீதான் கத்திரிக்கா கொடுக்கிறதை நிறுத்திட்டியே. அவளும் அதே காய்தான் கொடுக்கிறா."

"ஆமாம்மா. அதே காய்தான்."

பன்னிரண்டு ஐந்தானது.

முடிச்சில் இன்னும் கொஞ்சம் விதை மிச்சம் இருந்தது. இந்தத் தடவை ஊறவைத்துப் போடலாம் என்று டம்ளர் தண்ணீரில் கொட்டினாள். சாம்பல் கரைந்து மேலே வந்தது. விதை அடியில் தங்கியது. கத்திரி விதை வைக்கோல் நிறம். இது கேழ்வரகு நிறத்தில் இருந்தது. இரண்டை எடுத்துப் பல்லில் வைத்தாள். வறுத்த எள் மாதிரி நொறுங்கியது.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. சிங்காரம்தான் ஞாபகத்துக்கு வந்தான். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தது.

மறுநாள் அணுபுரம் ஸ்டாப்பில் இரண்டு பேரும் கூடையோடு இறங்கினார்கள். செங்கம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"ரத்னா, விதைய வறுக்கறப்போ துளி உப்பு போட்டு வறுத்திருந்தின்னா தின்னவாச்சும் ஒதவி இருக்கும்டி."

ரத்னா சும்மாட்டைப் பிரித்தாள், திரும்பச் சுற்றினாள். இல்லை என்று சொல்வாள், சத்தியம் செய்வாள் என்று செங்கம்மாள் எதிர்பார்த்திருந்தாள். அப்படிச் செய்திருந்தால் நம்பிக்கூட இருப்பாள்.

"உன் செடி பூட்டதும் உன் வூடுங்க எல்லாம் என்னை கூப்டாங்க யக்கா. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். திருப்பி நீ காய் போட்டின்னா அந்த வூடுங்க உன்கிட்டதான் வரும்."

"அப்ப இல்லன்னு சொல்லி இருக்கலாம் இல்ல?"

"உன் மூஞ்சப் பாத்து எப்டிக்கா இல்லன்னு சொல்றது? மனசு வரல."

ரத்னா அதை மனசாரத்தான் சொன்னாள். இல்லை என்று சொல்ல மனசு வராதவள், சட்டியை அடுப்பில் வைத்து, விதையைக் கொட்டி, கருகிவிடாமல் பதமாகக் கிளறி, ஆறவைத்து, சாம்பலில் புரட்டி, முடிச்சும் போட்டிருக்கிறாள். குழம்பு வேறு. செங்கம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தன் ஐந்து வீடுகளைப் பார்க்க நடந்தாள். அன்றிலிருந்து கரையில் ஏலம் நடக்கும்போது ரத்னா பக்கத்தில் இடம் போட்டு, "இங்க வா யக்கா," என்று கூப்பிட்டாலும் அவள் போவதில்லை. ஐந்து வீட்டுக்கும் கொசுறாக முளைக்கீரை கொடுத்தாள். மீனுக்கும் முளைக்கீரைக்கும் சம்பந்தமில்லை என்று ஐந்து வீடும் சொன்னது.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு நாள் ரத்னா வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, செடி பூரா மாவு தெளிச்சாப்புல வெள்ளையா கீது. பூவெல்லாம் கொட்டுது."

மாவுப்பூச்சி. விட்டால் பத்து நாளில் ஒரு செடிகூட மிஞ்சாது. செங்கம்மாள் மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லாமல் விடலாம். அவள் வாயைக் கட்டிப்போட யாரும் இல்லை, திறக்கச் சொல்லவும் யாரும் இல்லை. ஆனால் அந்தச் செடிகள் அவள் மடியில் வந்த காயின் பிள்ளைகள். அவை யாரையும் ஏமாற்றவில்லை.

"பொகலக் காம்ப ராத்திரி ஊற வச்சி, சோப்பு கரைச்சி, இலைக்கு அடில அடி," என்றாள் மீனைப் பார்த்து.

செடிகள் பிழைத்துக்கொண்டன. அடுத்த மாதம் ரத்னா திரும்ப வந்தாள். கையில் துணி முடிச்சு.

"நல்ல விதைக்கா. எம் பொண்ணுங்க மேல ஆணையா வறுக்கல. வோணும்னா கடிச்சிப் பாரு."

"கொண்டு பூடுறீ."

"இன்னும் கோவமா கீறியா?"

"கோவம் இல்ல. இத்த மண்ணுல போட்டா பத்து நாளு குந்திகினு பாக்கணும். முளைச்சா கூட, ராத்திரியில வந்து நீ எதையோ ஊத்திருவியோன்னு பாக்கணும். என்னால முடியாது. எனுக்கு வாணாம்."

"இப்டி மூஞ்சிக்கு நேரா சொல்றியே யக்கா."

"ஆமா."

ரத்னா முடிச்சைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். செங்கம்மாள் அதைத் தொடவில்லை. சிங்காரம் எடுக்கப் போனான், அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டான். நாலு நாள் வெயிலில் கிடந்த துணி, ஐந்தாம் நாள் காற்றில் கீழே விழுந்து பிரிந்தது. வைக்கோல் நிறத்தில் நல்ல விதைகள், மணலில் பளிச்சென்று.

பக்கத்து வீட்டுக் கோழி வந்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. விரட்டுவாளோ என்று கொஞ்சம் காத்திருந்தது. அவள் விரட்டவில்லை. கோழி கொத்த ஆரம்பித்தது. அதற்கு வறுத்ததும் வறுக்காததும் ஒன்றுதான்.