துப்பாக்கிக்காரர்களின் மனு

இந்தியப் பட்டாளம் வந்து நிஜாம் ஆட்சி முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது இது. அப்போது நான் செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் என் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வட ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கிக் கடலை போட்டு, அங்கேயே ஓட்டு வீடும் கட்டிக்கொண்டார். காட்டுப்பன்றிகள் கடலையைக் கிளறித் தின்றன. அதற்காகத்தான் லைசன்ஸ் எடுத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினார்.

அந்த வருஷம் நாடு கெட்டுக் கிடந்தது. ஆயுதம் தூக்கிய கும்பல்கள் குப்பங்களில் புகுந்து வெட்டுவதும் கொளுத்துவதும் வாடிக்கையாகிவிட்டது. கும்பல்கள் கைக்குத் துப்பாக்கி போய்ச் சேருகிறது, அதனால் லைசன்ஸ் உள்ளவர்களும் போலீஸ் தாணாவில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டசபையில் ஒரு மசோதா வரப்போவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் ஓய்வுபெற்ற ஜமேதார் ஒருவர் வீட்டில் கூடினார்கள். அவரும் தமிழர்தான். அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம், பேச்சில் ஊர் உருது கலக்கும்.

"நம்ம கையில இருக்கறத புடுங்கிட்டா, வர்றவனை எதால தடுக்கறது? கல்லாலயா?" என்றார் ஜமேதார். "சட்டசபை மெம்பருங்களுக்கு மனு எழுதுவோம். நீ ரயில்வே ஆபீஸ்ல டைப் அடிக்கிறவன்தானே, நீயே எழுதுப்பா."

எழுத ஒப்புக்கொண்டேன். எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

மனு முடியுமுன்பே கும்பல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஏரிக்கு அந்தப் பக்கம் கல் உடைப்பவர்களின் குப்பத்திலிருந்து புகை எழுந்தது. பிறகு வேட்டுச் சத்தம், பெண்களின் ஓலம். மாமா கதவைத் தாழிட்டு, துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டு எதிரே நின்றார். அக்கா நிறைமாதக் கர்ப்பிணி. அவளைச் சமையற்கட்டின் மூலையில் உட்கார வைத்து முன்னால் நான் நின்றேன். கையில் அரிவாள்மணை. அதை வைத்து என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியாது.

யாரோ ஓடிவரும் சத்தம். அடுத்த நொடி கதவு அதிர்ந்தது. கல்லால் இடிப்பது தெரிந்தது. ஒரு வார்த்தை இல்லை, இடி மட்டும்.

"யார்ரா அது? சொல்லு, இல்லேன்னா சுட்டுடுவேன்!" மாமா தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார். பதில் இல்லை. பலகை பிளந்தது. மாமா சுட்டார்.

வெளியே கனமாக எதுவோ சாய்ந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். குப்பத்துக் கல்லுடைப்பவர், எங்கள் கிணறு தோண்டும்போது பாறை உடைத்துக் கொடுத்தவர், வயிற்றைப் பிடித்தபடி கிடந்தார். கீழ்த்தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கும்பல் அடித்த அடி. 'காப்பாத்து' என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. அதனால்தான் கல்லால் தட்டியிருக்கிறார்.

கதவைத் திறக்க ஓடினேன். அதற்குள் அவரைத் துரத்தியவர்கள் வேலியைத் தாண்டிவிட்டார்கள். கையில் கோடாரியும் ஈட்டியும். மாமா ஜன்னல் வழியாக இரண்டாவது குழலைச் சுட்டார். முன்னால் வந்தவனின் தொடை கிழிந்து ரத்தம் பீறிட்டது. அவனை இழுத்துக்கொண்டு மற்றவர்கள் ஓடிப்போனார்கள்.

திறந்தபோது கல்லுடைப்பவருக்கு உயிர் இருந்தது. மாமா அவர் தலையை மடியில் வைத்து வேட்டியைக் கிழித்து வயிற்றில் அழுத்தினார். துணி நனைந்துகொண்டே இருந்தது. அவர் கண் மாமாவின் முகத்தை விட்டு அகலவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் முடிந்தது.

தாணாவிலிருந்து வந்த அமீன், அதாவது போலீஸ் இன்ஸ்பெக்டர், குப்பத்துப் பிணங்களோடு இதையும் சேர்த்தார். மாமா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "எத்தனையோ செத்திருக்கு. இதையும் கும்பல் கொன்னதாவே இருக்கட்டும்" என்று அமீன் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறு வாரம் ஜமேதார் வீட்டில் மாமாவின் முதுகைத் தட்டினார்கள். "ஹவ், ஆமா, இதைத்தான் மனுவுல முதல்ல போடணும்! ஒரு துப்பாக்கி ஒரு குடும்பத்தையே காப்பாத்திச்சு" என்றார் ஜமேதார்.

மாமா எழுந்து நின்றார். "இன்னொண்ணையும் போடுங்க. எங்க வாசல்ல செத்தவரை நான்தான் சுட்டேன். அடைக்கலம் கேட்டு வந்தவரு."

ஜமேதார் மெல்லச் சொன்னார். "நக்கோ, வேணாம். அதைப் போட்டா மனுவே செத்துடும்."

"அப்போ என் கையெழுத்து வேணாம்."

அங்கிருந்து மாமா வீட்டுக்கு வரவில்லை. நேராகக் குப்பத்துக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். எரிந்த குடிசைகளுக்கு நடுவே செத்தவரின் மனைவியிடம், சுட்டது தான்தான் என்று தெலுங்கில் சொன்னார். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவர் முகத்தில் இரண்டு கைகளாலும் அறைந்தாள், கை ஓயும்வரை. மாமா அசையவில்லை. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அடுத்த நாள் காலை அவள் தம்பிகள் இருவர் வந்தார்கள். மாமா ஷிஃப்டுக்குக் கிளம்பி சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பெரியவன் கடப்பாரையால் மாமாவின் வலது கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவரை இருவரும் மிதித்தார்கள். நான் குறுக்கே விழுந்து தள்ளினேன். எனக்கும் விலாவில் உதை.

நிமிர்ந்தால் அக்கா படியில் நிற்கிறாள். துப்பாக்கி பெரியவனின் நெஞ்சை நோக்கி இருந்தது.

"அவரை விடுடா! விடலைன்னா உன்னையும் செத்த உங்க மாமன்கிட்ட அனுப்பிடுவேன்!"

அவளுக்குச் சுடத் தெரியும். நான் பாய்ந்து குழலை மேலே தள்ளினேன். வெடித்தது. ஓடுகள் சிதறி எங்கள் தலையில் கொட்டின. தம்பிகள் விலகி நின்றார்கள். பெரியவன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அழுதான். மாமா மண்ணில் கிடந்தபடியே, "அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மசோதாவுக்குக் காத்திராமல் முறிந்த கையில் வைத்துக் கட்டிய மூங்கில் பத்தையோடு போய்த் துப்பாக்கியைத் தாணாவில் கொடுத்துவிட்டார் மாமா. அக்கா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

"அது இல்லேன்னா நானும் என் வயித்துல இருக்கறதும் இன்னிக்கு இல்ல. அதை யாரு எழுதுவாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

மாமா சொல்லச் சொல்ல, சட்டசபைக்குத் தனியாக ஒரு மனு டைப் அடித்தேன். முதல் தோட்டா யாரைக் கொன்றது, இரண்டாவது யாரைக் காப்பாற்றியது, இரண்டையுமே சொன்னார். சட்டம் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. "என்ன முடிவு பண்றதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா முடிவு பண்றவங்களுக்கு முழுசாத் தெரியணும்" என்றார். ஜமேதாரின் மனுவும் என் கையாலேயே டைப்பாகிப் போனது. இரண்டுக்கும் பதில் வரவில்லை. மசோதா என்ன ஆயிற்று என்று தெரியுமுன் பட்டாளம் நுழைந்தது, ஆட்சியே மாறியது. தண்டோரா போட்டு எல்லாத் துப்பாக்கிகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் பெண் பிறந்தது. மாமாவின் கை கோணலாகவே கூடியதால் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சில வருஷம் கழித்து, கடப்பாரையால் அடித்த அந்தப் பெரிய தம்பி அதே ஒர்க்‌ஷாப்பில் கலாசியாக, எடுபிடி ஆளாக, சேர்ந்தான். சாமான் வாங்க மாமாவின் ஸ்டோர் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். என்ன வேண்டும் என்பதை மட்டும் அவன் சொல்வான், மாமா எடுத்துக் கொடுப்பார். அதைத் தாண்டி ஒரு பேச்சும் கிடையாது. மாமா இறந்த அன்று அவன் வந்தான். உள்ளே வரவில்லை. சவம் எடுக்கும்வரை ரோட்டு ஓரத்தில் வெயிலில் நின்றிருந்தான். அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தனுப்பினாள். குடித்தான்.