அக்காவின் குமிழ்

தெருவில் அவருக்கு டிவி டாக்டர் என்று பெயர். செத்துப்போன பெட்டிகளையெல்லாம் பேச வைத்தவர். அக்காவைப் பேச வைக்க மட்டும் அவரிடம் வழியில்லை. பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தையும் வாயையும் ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போயிருந்தது.

மிச்சம் இருந்தது இடது கையும் ஒரு விளையாட்டும்.

டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் அக்கா வாங்கிய, டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி அது. அட்டையில் ஐம்பது விளையாட்டு என்று போட்டிருக்கும்: டென்னிஸ், ஹாக்கி, வாலிபால், கால்பந்து. திரையில் பார்த்தால் எல்லாமே இரண்டு கோடு, ஒரு பந்து. பந்துகூட உருண்டை கிடையாது, சதுரம். ஆளுக்கொரு குமிழைத் திருகினால் அவரவர் கோடு மேலும் கீழும் போகும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நாற்பது வருஷமாகத் தம்பி அக்காவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மெக்கானிக் என்ற மிதப்பெல்லாம் அந்தச் சதுரப் பந்தின் முன்னால் செல்லாக்காசு.

படுத்த பிறகும் அது மாறவில்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு அவர் அக்காவைச் சாய்த்து உட்காரவைத்து, குமிழை இடது கையில் கொடுப்பார். வேறு எதற்கும் முகம் மாறாதவள், பந்து தம்பியைத் தாண்டிப் போனால் கக்கென்று சிரிப்பாள். முதலில் இருபத்தொன்று எடுத்தவருக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும் சமையலறையிலிருந்து அவர் மனைவி கேட்பாள்:

"இன்னிக்கு யாருங்க ஜெயிச்சது?"

"வேற யாரு? உன் நாத்தனார்தான்!"

அந்தச் சிரிப்புக்காகவே அவர் கடையை மூன்றரைக்குப் பூட்டினார்.

ஒரு நாள் அக்காவின் கோடு நடுங்க ஆரம்பித்தது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் குமிழைப் பிரித்துத் துடைத்துப் பார்த்தார். உள்ளே தேய்ந்தே போயிருந்தது. புதிது வாங்க பஜார் வரை போக வேண்டும், நான்கு மணிக்கோ இருபது நிமிஷம்தான் பாக்கி. பழைய சாமான் பெட்டியைக் கிளறியதில் அதே எண் போட்ட ஒரு ரேடியோ வால்யூம் கன்ட்ரோல் கிடைத்தது. அளவு ஒன்றுதானே என்று பற்றவைத்துவிட்டார்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. வால்யூம் கன்ட்ரோல் காதுக்காகச் செய்தது. பாதித் திருகல்வரை ஒன்றும் நடக்காது, அப்புறம் ஒரேயடியாக எகிறும். ஆயுசு முழுக்க இதையே மாற்றிப் பிழைத்த மனிதருக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் மறந்துபோனார்.

அக்கா திருகினாள். கோடு அசையவில்லை. இன்னும் திருகினாள். கோடு உச்சிக்குப் பாய்ந்தது, பந்து கீழே போய்விட்டது. மறுபடியும் அப்படியே. நாலாவது பந்தில் அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்தாள். வலது கை விழுந்த அன்று பார்த்த அதே பார்வை.

"அக்கா, உன் கை இல்லக்கா! கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பான சாமானைப் போட்டுட்டேன்."

அவள் குமிழை மடியில் நழுவவிட்டு, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே சரியான சாமானை வாங்கிப் போட்டார். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. "இப்ப பாருக்கா, ஒரே ஒரு பந்து" என்று ஒன்பது நாள் கெஞ்சினார். கை வெளியே வரவில்லை.

பத்தாம் நாள் அவரே அந்தக் கையை எடுத்து, விரல்களைக் குமிழின்மேல் மடக்கி வைத்தார். விரல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. முதல் பந்து அக்காவைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. நிறுத்திவிடலாம்தான். ஆனால் இந்தப் பந்துக்காவது திருகுவாள், இந்தப் பந்துக்காவது திருகுவாள் என்று அவர் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பெட்டி தானாகவே ஆட்டத்தை முடித்தது. இருபத்தொன்றுக்குப் பூஜ்யம். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அக்காவை ஜெயித்திருந்தார்.

"யாருங்க ஜெயிச்சது?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "சிரிப்புச் சத்தமே கேக்கலையே?"

"வேற யாரு..." என்றார். அதற்குமேல் அவருக்கும் பேச்சு வரவில்லை.