பேர்ணடெற் வாயை மூடிய இரண்டு கிழமை

பேர்ணடெற்றின் வீடு கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. இரண்டு அறை, ஒரு ஹோல். அதற்குள்ளே அவளுடைய கணவர் றெஜியும் மகள் ரொஷேலும் இரண்டு வருஷமாக ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. தாதியர் பயிற்சியை மூன்றாம் மாதமே விட்டுவிட்டு ரொஷேல் வெள்ளவத்தையில் ஒரு சலூனில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூத்து.

"மம்மி, டடி குளிச்சிட்டாரா எண்டு கேளுங்க." குளியலறை நாலடி தூரம்.

"பேர்ணி, அவளுக்குச் சொல்லு, ஃபேனை நிப்பாட்டச் சொல்லி." ரொஷேல் அவருக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பாள்.

கப்பல் கொம்பனியொன்றில் பகல் முழுக்க டெலிபோனுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால் பேர்ணடெற்றுக்கு வீட்டிலும் அதே வேலை. இங்கே சொன்னதை அப்படியே சொல்லவும் ஏலாது. றெஜி "ஊர் சுத்துறாள்" என்றால் "டடி கவலைப்படுறார்" என்று மாற்ற வேண்டும். அவளுக்குப் பிரஷர் நூற்றியெண்பதுக்கு ஏறியது. பார்த்த டொக்டர் மருந்தோடு ஒரு குடும்ப ஆலோசகரின் விலாசத்தையும் கொடுத்தார். மூன்று பேரும் வர வேண்டுமாம். "வராட்டி இனிச் சமைக்கமாட்டன்" என்று சொல்லித்தான் இரண்டு பேரையும் இழுத்துப்போனாள்.

ஆலோசகர் ஹபீலா அதிகம் கதைக்காதவர். பேர்ணடெற் நடுக் கதிரையில் இருந்தாள்.

"றெஜி, மகளோட உங்களுக்கு என்ன கோபம்?"

"அவருக்கு மனசு விட்டுப்போச்சு மிஸ்," என்றாள் பேர்ணடெற்.

"ரொஷேல், நீங்க சொல்லுங்க."

"அவள் சின்னப்பிள்ளை மிஸ்..."

மூன்றாம் முறையும் அவளே பதில் சொன்னதும் ஹபீலா எழும்பிவந்து அவளுடைய கதிரையைத் தன் மேசைப்பக்கம் இழுத்துப் போட்டார். "இனி இதில இருங்க. ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், ஒருத்தர் சொல்றத மத்தவரிட்ட கொண்டுபோகாதீங்க. அவ்வளவுதான்."

திரும்பிவரும்போது பஸ்ஸில் பேர்ணடெற்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை அவர்களுக்கு, தண்டனை எனக்கா?

நாலாம் நாள் பின்னேரம் கடும் மழை. ரொஷேல் போன் எடுத்தாள். "பஸ் ஒண்டும் இல்ல. டடிய பைக்கில வரச் சொல்லுங்க."

"நீயே கேள்," என்று பேர்ணடெற் போனை வைத்தாள். ஹோலில் றெஜியின் போன் அடித்தது.

"யாரு?... எந்த ரொஷேல்?" மகளின் புது நம்பர்கூட அவரிடம் இல்லை. பிறகு ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

இருவரும் தொப்பலாக நனைந்து, சண்டை பிடித்துக்கொண்டே படியேறினார்கள்.

"தாதி வேலை மதிப்பில்லை எண்டுதானே விட்டனீ?"

"ஆர் சொன்னது? ரத்தத்தைக் கண்டு ரெண்டுதரம் மயங்கி விழுந்தனான். மம்மியிட்ட சொன்னனானே!"

இருவரும் திரும்பிப் பேர்ணடெற்றைப் பார்த்தார்கள்.

"ஓம், நான்தான் மறைச்சனான்!" என்று கத்தினாள். "கோழை எண்டு நீங்க அவளைப் பேசுவீங்க எண்டு பயந்துதான். ரெண்டு வருஷமா உங்கட வாயா இருந்து எனக்குப் பிரஷர் வந்ததுதான் மிச்சம்!"

றெஜி ரெயின்கோட்டைக் கழற்றினார். பிறகு மகளைப் பார்த்து, "நானும் அப்பிடித்தான்டி. நீ பிறந்த அண்டைக்கு ஆஸ்பத்திரியில ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்தது நான்," என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஹபீலாவிடம் இன்னும் ஆறு தரம் போனார்கள். இப்போதும் இருவரும் ஃபேனுக்குச் சண்டை பிடிக்கிறார்கள், ஆனால் நேருக்கு நேர். இடையில் புகுந்து சமாதானம் சொல்ல வாய் துடிக்கும்போதெல்லாம் பேர்ணடெற் எரிச்சலோடு எழும்பி பல்கனிக்குப் போய்விடுகிறாள்.