எழுதிக் கொடுங்க சார்

என் மகளுக்கு மூன்று மாதம் முடிந்திருந்தபோது வீட்டுக்கடன் கேட்டுக் கடலூரில் ஒரு வங்கிக்குப் போனோம். அப்போது சிதம்பரத்தில் வாடகைக்கு இருந்தோம். கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஏழு வருடமாக எனக்கு வேலை. சம்பளத்தோடு பிரசவ விடுப்பில் இருந்தேன். என் கணவர் பண்ருட்டியில் புது வேலைக்கு மாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் அவர் வருமானத்தைச் சேர்க்க மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். விண்ணப்பத்தில் முதல் பெயர் என்னுடையது.

கடன் அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். பேசியது என் கணவரிடம்.

“மிஸஸ் திரும்ப வேலைக்குப் போவாங்களா சார்?”

“அவுங்களயே கேளுங்க. பக்கத்துலதான ஒக்காந்திருக்காங்க.”

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. கொழந்த பொறந்ததும் நெறைய பேரு வேலைய விட்டுடறாங்க. ஒங்க மாமனாரு பென்ஷன் வாங்குறாருன்னு சொன்னீங்களே, அவர் பேர்ல லோனும் பத்திரமும் போட்டுடுங்க. ஈஸியா முடிஞ்சிடும்.”

“தவணைய யாரு சார் கட்டுவா?”

“நீங்கதான் கட்டப்போறீங்க.”

“நான் கட்டுவேன்னு ஒங்களுக்கே தெரியுது. அப்பறம் எதுக்கு வேற பேரு?”

அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். “வீட்ல பேசிட்டு வாங்கம்மா.”

வீட்டில் பேசினோம். மாமனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. “எம் பேர்ல இருந்தா என்னம்மா? ஒங்களுக்குத்தான வரப்போவுது.”

“எனக்கு வரவேணாம் மாமா. நான் வாங்கணும்.”

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கடலூர் பஸ் ஏறினேன். வழியில் பரிசோதனைக் கூடத்தில் இறங்கி, நான் எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறேன் என்று கடிதம் வாங்கிக்கொண்டேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, “இது அவங்க குடுத்தது. நீங்க வேலைக்குப் போவீங்கன்னு என்ன உத்தரவாதம்?” என்றார்.

“பேங்குக்கு வர்ற ஆம்பளைங்ககிட்ட, நாளைக்கு வேலைய விடமாட்டேன்னு உத்தரவாதம் கேப்பீங்களா சார்?”

அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

“சரி, முடியாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க சார். பிரசவ லீவுல இருக்கறதால லோன் இல்லன்னு எழுதி, சீல் வெச்சுக் குடுங்க. போயிடறேன்.”

“அதெல்லாம் எழுதித் தரமாட்டோம்மா.”

“அப்ப ஒக்காந்திருக்கேன்.”

குழந்தை அழுதாள். துப்பட்டாவைப் போர்த்தி அங்கேயே பால் கொடுத்தேன். டோக்கனோடு காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஊழியர் வந்து, “உள்ள ரூம்ல ஒக்காந்துக்குங்க மேடம்” என்றார். வேண்டாம் என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன் கிளை மேலாளர் கூப்பிட்டார். கடிதத்தையும் விடுப்பில் வந்த சம்பளச் சீட்டுகளையும் பார்த்தார். “இதுல பிரச்சன ஒண்ணும் இல்லயே,” என்று கையெழுத்திட்டு அதே அதிகாரியிடம் அனுப்பினார். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை.

கடன் வந்தது, கேட்டதைவிடக் குறைவாக. பார்த்து வைத்திருந்த மாடி வீட்டை விட்டுவிட்டு, அதே தெருவில் பின்பக்கச் சின்ன வீட்டை வாங்கினோம். வெயில் வராது, துணி காய இரண்டு நாளாகும். பத்திரத்தில் என் பெயர் முதலில் இருக்கிறது.

சொன்ன தேதியில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே பால் கட்டி, மார்பு கல்லாகிக் காய்ச்சல் வந்தது. பாத்ரூமில் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து ரத்தம் எடுத்தேன். இப்போது சிலர், “பாத்தியா, அந்த ஆபீசர் நெனச்சது தப்புன்னு காட்டிட்ட” என்கிறார்கள். நான் எதையும் காட்டவில்லை. உடம்பு முடியாமல் அன்றே வேலையை விட்டிருந்தாலும் அவர் கேட்ட கேள்வி தப்புதான்.