வால்வில் மாட்டாத செலிப்பார்

ஈப்போ பக்கத்தில் முதன்முதலில் கம்ப்யூட்டரை இயக்கிய ஆள் நான்தான். பொய். அதன்மேல் தூசி துடைத்தேன், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ரப்பர் பால் பேக்டரியில் ஆபீஸ், ஸ்டோர், தராசு ரூம் மூன்றிலும் கம்ப்யூட்டர் வைத்து ஒயர் இழுத்தார்கள். ஒரு ரூமில் அடித்தால் மூன்று ரூமிலும் தெரியும். எந்த வேலை நடக்கிறது, எது முடிந்தது, எல்லாம் அதில்தான்.

அதுவரை எங்கள் வழக்கம் வேறு. பால் டேங்க்கைக் கழுவ இறங்குகிறவன் தன் செலிப்பாரில் ஒன்றை வால்வு சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவான். அவனே வந்து எடுக்கும்வரை ஒருத்தனும் வால்வைத் தொடமாட்டான். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை.

"இது என்ன செருப்புக் கடையா? இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்."

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் வேலை செய்தது. நாங்கள்தான் அதனிடம் உண்மை சொல்லவில்லை. பத்து மணிக்கு மேனேஜர் பார்ப்பார். முடியாத வேலை இருந்தால் ஏச்சு. அதனால் ஒன்பதே முக்காலுக்கே எல்லாவற்றுக்கும் ‘பினிஷ்’ போட்டுவிடுவோம்.

அன்றைக்கு மூன்றாம் டேங்க்குக்குள் என் கூட்டாளி முனியாண்டி. வெளியே காவல் நிற்க வேண்டியவன் நான். கிளார்க் லெட்சுமி அக்காவிடம் போனேன்.

"அக்கா, மூணாம் டேங்க்குக்கு பினிஷ் போட்டுடுங்க."

"நெசமாவே முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்ச மாதிரிதான் லா. என்னைய நம்பமாட்டீங்களா?"

"ஒன்னையவா?" என்று சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்.

அங்கேயே நின்று பால் ஊற்றாத டீ, எங்கள் தே ஓ, குடித்தேன். பாதி கிளாஸில் பம்பு ஓடும் சத்தம். தராசு ரூமில் ‘பினிஷ்’ பார்த்து, பால் லாரியை மூன்றாம் டேங்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓடினேன். லாரி டிரைவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் செலிப்பார் இல்லை.

"அண்ணே, மூடுங்க! உள்ள ஆள் இருக்கு!"

"கம்ப்யூட்டர்ல பினிஷ்னு இருக்கு லா!"

அவரைத் தள்ளிவிட்டு நானே மூடினேன். டேங்க் மேல் ஏறி, வாய்க்குள் தலையை விட்டேன். பால் உறையாமலிருக்கக் கலக்கும் அமோனியா கண்ணைக் கரித்தது. "முனியாண்டி!" பதில் இல்லை. கீழே பால் மட்டும் வெள்ளையாக ஆடியது. அவன் இடுப்பில் கட்டி இறக்கியிருந்த கயிற்றை இழுத்தேன். கனக்கவே இல்லை. இன்னொரு தடவை...

இருங்கள், வாசலில் ஒருத்தன் கத்துகிறான்.

"டேய், எழுதுனது போதும் லா! கோயில் தண்ணி டேங்க்ல எறங்கப் போறேன். செலிப்பார மாட்டிட்டேன். வந்து காவலுக்கு நில்லு, தே குடிக்கப் போயிடாத!"

முனியாண்டிதான், அன்றைக்கு அந்த இரண்டாவது இழுப்பில் உயிரோடு மேலே வந்தவன். இத்தனை வருஷம் ஆகியும் அவன் நம்புவது செலிப்பாரைத்தான், என் வாயை அல்ல. அவன் சொல்வது சரி. போகிறேன், அவன் வெளியே வந்த பிறகுதான் தே ஓ.