ஐந்து துண்டாக வெட்டிய மருந்துப் பெயர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு இறந்துபோன தங்கையுடையது. மூதூர்ச் சந்தையில் மீன் வெட்டித்தான் அத்தனை பேரையும் ஆளாக்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆங்கில எழுத்துகள் வள்ளங்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்துப் பழகியவை.

இது போன மாரியில் கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டில் நடந்தது. மருந்தாளர் படிப்புப் படிக்கும் பேத்தி மருந்துப் பெயர்களைச் சத்தமாகப் பாடமாக்குவாள். ஒவ்வொன்றும் ஒரு முழு அறக்குளா மீன் நீளம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் சொல்லுவாள்.

"கடைசித் துண்டைப் பாருங்கோ அம்மம்மா. 'சிலின்' எண்டு முடிஞ்சா அது பென்சிலின் குடும்பம்."

தலை போன மீனையும் வாலைப் பார்த்து இன்ன மீன் என்று சொல்பவள் நான். எனக்கு இது விளங்காதா? அந்தத் துண்டின் ஆறு ஆங்கில எழுத்தையும் கொப்பியில் எழுதச் சொல்லி மனதில் பதித்துக்கொண்டேன். காரணம் இருந்தது. முன்பு பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டிப் பிழைத்தவர் என் வீட்டுக்காரர். அந்தக் குடும்பத்து மருந்து சீவியத்துக்கும் கூடாது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒருநாள் அவர் காலில் கெளுத்தி முள் ஏறிப் புண்ணானது. தனியே போய் ஒரு வைத்தியரிடம் குளிசை வாங்கி வந்தார். பேத்தி வகுப்புக்குப் போயிருந்தாள். அவர் தண்ணீரை எடுக்க, நான் குளிசை அட்டையை வாங்கிப் பார்த்தேன். முழுச்சொல்லும் வாய்க்குள் அடங்கவில்லை. விரலால் மறைத்து மறைத்து ஒவ்வொரு துண்டாகப் போனேன். ஃபுளு. குளொக்ஸ். அ. சில். லின்.

"விழுங்காதேங்கோ!"

"இவ பெரிய டொக்டர்! நீ போய் மீனை வெட்டு."

"மீன் வெட்டுறவள்தான் சொல்லுறன். வாலைப் பாருங்கோ, பென்சிலின்ர ஆக்கள். அந்த ஊசிக் கதையை டொக்டரிட்டச் சொன்னீங்களோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "கால் புண்தானே எண்டு சொல்லேல்ல."

ஆட்டோ பிடித்துத் திரும்பப் போனோம். வைத்தியர் கதையைக் கேட்டதும் அட்டையை வாங்கி ஒருபுறம் வைத்தார்.

"ஓம் அம்மா, அதே குடும்பம்தான். விழுங்கியிருந்தா உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு ஆர் வாசிச்சுச் சொன்னது?"

"நான்தான் வாசிச்சனான்."

"இவ்வளவு நீளச் சொல்லையோ?"

நான் வாய் திறக்கும் முன்னே என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: "இவ திமிங்கிலத்தையும் வெட்டுவா, டொக்டர்!"

வேறு குளிசையோடு வந்தோம். கால் ஆறியது. இன்று அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்துவதைப் பார்க்கும்போதெல்லாம், அவரைக் காப்பாற்றியது இந்த மீன் வெட்டும் கையும் அந்த ஆறு எழுத்தும்தான் என்று நெஞ்சு நிமிர்கிறது.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி இந்தக் கதையை எழுதி முடித்துவிட்டாள்.

"மோள், இனி ஒருக்கா எல்லாத்தையும் வாசி, கேப்பம். அந்த மருந்துப் பேர் வாற இடத்தில மட்டும் நிப்பாட்டு. அதை நான் வாசிக்கிறன்."